இக்கால வாழ்வில் விசுவாசமும் சபையும்

விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கோயிலுக்குப் போவதற்காகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அறைத் தோழன் போர்வையை விலக்கிக்கொண்டு கேட்டான்: "கடவுள் எங்கும் இருக்கிறார்னு நீங்கதானே சொல்றீங்க. அப்புறம் எதுக்குடா ரெண்டு பஸ் மாறிப் போறே?"

அவன் பகுத்தறிவாளன். கேலிக்காகக் கேட்டவன் அல்லன். உண்மையாகவே விடை வேண்டிக் கேட்டான். நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வெளியேறினேன். ஆனால் கேள்வி என்னோடு பேருந்தில் ஏறிவிட்டது. அது என்னை உறுத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊரை விட்டு வரும்போது எங்கள் சேகர குரு எனக்கு ஒரு மாறுதல் கடிதம் தந்திருந்தார். இந்த நகரத்துச் சபையில் அதைக் கொடுத்தால் இங்குள்ள பதிவேட்டில் என் பெயர் ஏறும். இரண்டு ஆண்டுகளாகியும் அந்தக் கடிதம் என் பெட்டியின் அடியிலேயே கிடந்தது. விசுவாசம் எனக்கு இருந்தது. சபை வேண்டுமா என்பதில்தான் எனக்கே தெளிவில்லை.

ஆகவே தோழனுக்குச் சொல்ல வேண்டிய விடையை எனக்கும் சேர்த்தே இக்கட்டுரையில் தேட முற்படுகிறேன். இது மதப் பிரசாரம் அன்று. எல்லாச் சமயத்தவரும், சமயம் வேண்டாம் என்பவரும் சேர்ந்து படிக்கும் அரசுக் கல்லூரியின் மலர் இது. நான் அறிந்தது கிறிஸ்தவச் சபை. ஆகவே அதைப் பற்றி எழுதுகிறேன். பிறர் தத்தம் சமயத்தை வைத்து இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்.

கோயிலும் சபையும்

எங்கள் தென் மாவட்டங்களில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் கட்டடத்தைக் 'கோயில்' என்பார்கள். அதில் கூடும் மக்களைச் 'சபை' என்பார்கள். இந்த வேறுபாடு மிகப் பழையது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் சபைக்கு வழங்கும் சொல் 'எக்ளேசியா'. ஊரார் கூட்டத்திற்கு அழைத்து வரப்பட்டவர்களின் தொகுதி என்பதே அதன் பொருள். அச்சொல்லில் கல்லும் இல்லை, கோபுரமும் இல்லை. ஆட்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

திருநெல்வேலிச் சபையின் வரலாறே இதற்குச் சான்று. தஞ்சையில் பிராமண குலத்தில் பிறந்து விதவையான ஒரு பெண்மணி 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்னும் பெயர் பூண்டார். அவர் பாளையங்கோட்டையில் கட்டிய கோயில் 1785-இல் எழுந்தது. மக்கள் அதனைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றே அழைத்தார்கள். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1780-இல், 40 பேர் அடங்கிய சபைப் பதிவேடு அங்கே தொடங்கிவிட்டது. பெயர்கள் முதலில் வந்தன. சுவர்கள் பின்னால் வந்தன.

40 பெயர்களை ஒருவர் ஏட்டில் எழுதினார் என்றால், 40 பேரையும் யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்தார் என்று பொருள். இந்தச் சிறிய செய்தியில்தான் என் விடையின் தொடக்கம் இருக்கிறது எனக் கருதுகிறேன். அதற்குமுன் தீர்க்க வேண்டிய வினா ஒன்றுண்டு.

அறிவியல் யுகத்தில் விசுவாசத்திற்கு இடம் உண்டா?

ஒரு காலத்தில் இடிக்கும் மின்னலுக்கும் கொள்ளைநோய்க்கும் காரணம் தெரியாமையால் மனிதன் கடவுளை நாடினான் என்பர். இன்று மழைக்குப் பருவக்காற்றும், காலராவுக்குக் கிருமியும் காரணம் எனப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். அப்படியிருக்க, அறியாமை என்னும் இடைவெளியை அடைப்பதற்காக மட்டும் கடவுள் என்றால், அறிவு வளர வளர அவர் ஒதுங்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இதைச் சொன்னவர் நாத்திகர் அல்லர், ஒரு போதகர். ஹிட்லருக்கு எதிரான முயற்சியில் சேர்ந்து சிறைப்பட்ட ஜெர்மானியர் டீட்ரிக் போன்ஹோஃபர், நமக்குத் தெரியாதவற்றின் ஓட்டையை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தக் கூடாது என்னும் கருத்தை 1944-இல் சிறையிலிருந்து கடிதங்களில் எழுதினார். நாம் அறிந்தவற்றிலேயே, வாழ்வின் நடுவிலேயே அவரைக் காண வேண்டும் என்பது அவர் எண்ணம். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய விசுவாசம் அறிவியலோடு மோதவில்லை, கொடுங்கோன்மையோடு மோதிற்று.

நம் நாட்டிலும் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பின்னர் பெரும் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. பிரசவத்தில் பெண்கள் சாகாதிருக்க ஜெபம் மட்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. மருத்துவம் படித்தார், மற்றவர்களையும் படிக்க வைத்தார். நோயை எப்படித் தீர்ப்பது என்பதை அறிவியல் அவருக்குக் கற்பித்தது. முன்பின் அறியாத பெண்களுக்காக வாழ்நாளைச் செலவிட வேண்டும் என்பதை வேறொன்று கற்பித்தது.

அந்த வேறொன்றைத்தான் நான் விசுவாசம் என்கிறேன். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போக, தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அதைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமையை இயேசு சொன்னார். கணக்குப் பார்ப்பவன் ஒரு விழுக்காடு நட்டம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். ஒவ்வொருவரும் எண்ணிக்கையில் வர வேண்டும், ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தில் நிறுவக்கூடிய உண்மை அன்று. அது நம்பி ஏற்க வேண்டிய ஒன்று.

நம்பிக்கை உண்டு, சபை இல்லை

இதுவரை என் தோழனும் ஒருவேளை உடன்படுவான். "நம்பிக்கை இருக்கட்டும், அதை வீட்டிலேயே வைத்துக்கொள்" என்பான். உலகில் பலர் இன்று இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

கிரேஸ் டேவி என்னும் ஆங்கிலேயச் சமூகவியலாளர் 1994-இல் வெளியிட்ட நூலில், பிரிட்டானிய மக்களுள் பலர் கடவுளை நம்புகிறார்கள், ஆனால் எந்தச் சபையிலும் சேர்ந்திருப்பதில்லை என்று எடுத்துக்காட்டினார். அதன்பின் நம்பிக்கையும் தேய்ந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று கூறிக்கொண்டவர்கள் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 59.3 விழுக்காட்டினர், 2021-இல் 46.2 விழுக்காட்டினர். அமெரிக்காவில் கோயிலிலோ ஜெப ஆலயத்திலோ மசூதியிலோ உறுப்பினராக இருப்போர் 1999-இல் 70 விழுக்காடு. 2020-இல் 47 விழுக்காடு என்று காலப் நிறுவனம் கண்டது. சபையை விட்டவன் விசுவாசத்தை உடனே விடுவதில்லை. ஆனால் அவன் பிள்ளை எங்கிருந்து அதைக் கற்கும் என்பதே கேள்வி.

தமிழ்நாட்டு நிலை வேறு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் 44 லட்சத்திற்குச் சற்று மேல். மக்கள் தொகையில் 6.12 விழுக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 47 விழுக்காடு. இந்த எண்ணிக்கைக்குள் வராத விசுவாசிகளும் இங்கே உண்டு. ஞானஸ்நானம் பெறாமல், எந்தச் சபையிலும் சேராமல், இயேசுவை வழிபட்டு வரும் மக்களைப் பற்றிச் சென்னையிலும் பிற இடங்களிலும் ஆராய்ந்து ஹெர்பர்ட் ஹோஃபர் என்பவர் எழுதிய நூல் 1991-இல் வெளிவந்தது. குடும்பத்தை விட்டுப் பிரிய மனமில்லாமை, உறவினர் மனம் நோகும் என்னும் அச்சம் ஆகியவை அவர்களைத் தடுத்து நிறுத்தின.

சட்டமும் ஒரு காரணம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகள் முதலில் இந்துக்களுக்கே தரப்பட்டன. 1956-இல் அவை சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தன, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். ஆகவே ஓர் ஏழை மாணவன் சபைப் பதிவேட்டில் பெயர் எழுதினால், அதற்கு விலையாகக் கல்வி உதவியையும் வேலை வாய்ப்பையும் தர வேண்டியிருக்கலாம். கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிலருடைய பெயர் ஏட்டில் இராது. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கடிதத்தைக் கொடுப்பதால் நான் இழக்கப்போவது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் நான் கொடுக்கவில்லை என்பதை நினைத்தபோது வெட்கமே உண்டாயிற்று.

சபை என்ன செய்கிறது?

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1897-இல் தற்கொலை பற்றி எழுதிய நூலில், மனிதரைத் தம்முள் இறுகப் பிணைத்துக்கொள்ளும் சமயக் குழுக்களில் தற்கொலை குறைவு என்று வாதிட்டார். அவர் கையாண்ட புள்ளிவிவரங்களைப் பிற்காலத்தவர் குறை கூறினாலும், தனிமை கொல்லும், பிணைப்புக் காக்கும் என்னும் அவர் கருத்து இன்றும் பேசப்படுகிறது.

இதை நான் நூலில் படிக்குமுன்பே எங்கள் ஆச்சியிடம் கண்டிருக்கிறேன். எங்கள் ஊர் பனைகள் நிறைந்த செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் உள்ளது. ஞாயிறு காலை முதல் மணிக்கு ஆச்சி வெள்ளைச் சேலை உடுத்துவாள். இரண்டாம் மணிக்குத் தன் இடத்தில் இருப்பாள். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் தூணை ஒட்டிய இடம் அவளுடையது. பாமாலை பாடும்போதே அவள் கண் வரிசைகளின் மேல் ஓடும். ஆராதனை முடிந்து வரும் வழியில், "இன்னைக்கு வடக்குத்தெரு மதினியைக் காணலியே" என்பாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு போவாள். ஒரு தடவை அந்த மதினி இரண்டு நாள் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தாராம். பிள்ளைகள் வெளியூரில். அவரைத் தேடி முதலில் வந்தது ஆச்சியின் கஞ்சிதான்.

இத்தகைய பழக்கங்கள் எங்கள் சபைகளில் வேரோடியிருக்கின்றன. சோறு பொங்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுச் சேர்த்து, அதைச் சபைப் பணிக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை அவற்றுள் ஒன்று. உண்டியலில் போடக் காசில்லாத பெண்ணும் அதனால் கொடுப்பவள் ஆனாள். 1830-இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் தோன்றிய தர்மசங்கம், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்கித் தந்தது. அதற்கு முன்பே 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், வீடிழந்த விசுவாசிகளைக் கொண்டு முதலூரை உருவாக்கினார். முதற்கிறிஸ்தவ ஊர் என்பதாலேயே அதற்கு அப்பெயர். அஸ்குவித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியையும், சுவெய்ன்சன் அம்மையார் செவித்திறனற்றோர் பள்ளியையும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கினார்கள்.

ஆண்டுக்கொருமுறை பிரதிஷ்டைப் பண்டிகையின்போது அசனம் நடக்கும். ஊர் கூடிச் சமைத்து ஊர் கூடி உண்பது அது. திருமணம் என்றால் ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இருவர் இணையப் போவது சபைக்கெல்லாம் தெரிந்த செய்தியாகும். சாவு வீட்டில் யாரும் அழைக்காமலே பாய் விரிப்பார்கள், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவார்கள். பிறந்த குழந்தையின் ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை ஒருவனுடைய வாழ்வு முழுவதும் அதே பதிவேட்டில் இருக்கிறது.

தோழனின் மறுப்பு

இவற்றையெல்லாம் தோழனிடம் சொன்னேன். அவன் விடவில்லை. "கஞ்சி கொடுக்கக் கடவுள் எதற்கு? இரத்த தானக் கழகம் இருக்கிறது, நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது. அங்கேயும் மனிதர் மனிதருக்கு உதவுகிறார்கள்" என்றான்.

அவன் வாதத்திற்கு ஆதரவும் உண்டு. ராபர்ட் பட்னமும் டேவிட் கேம்பலும் அமெரிக்கச் சமய வாழ்வை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட நூலில் வியப்பான முடிவொன்றைக் கூறினர். கோயிலுக்கு ஒழுங்காகப் போவோர் மற்றவரைவிட அதிகம் கொடுக்கிறார்கள், அதிகம் தொண்டு செய்கிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் அவர்களுடைய கோட்பாடு அன்று. சபையில் அவர்களுக்குள்ள நண்பர்களே. தனியே அமர்ந்து ஜெபிக்கும் பக்தரைவிட, சபை மக்களோடு பழகும் நம்பிக்கையற்றவர் தொண்டில் முந்துவார் என்றும் அவர்கள் கணித்தனர். அப்படியானால் சபை போதும், விசுவாசம் வேண்டாம் என்றல்லவா ஆகிறது?

இந்த இடத்தில்தான் நான் நெடுநாள் நின்றேன். எனக்கு வழி காட்டியது ஒரு சுவர்.

இடிபட்ட சுவர்

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயில் விந்தையான அமைப்பு உடையது. பலிபீடம் ஒன்று, அதை நோக்கி வந்து சேரும் மண்டபங்கள் இரண்டு. உயர்சாதியினர் எனப்பட்டவர்களுக்கு ஒன்று, ஏனையோருக்கு மற்றொன்று. நடுவே சுவர். பூசை செய்பவரை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காண முடியாது. 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். அதை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும், கோயிலுக்குள் சாதி உரிமை கொண்டாட அவர்களால் முடியவில்லை.

அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்கும் பிணைப்பு இருந்தது. தம்மவர் இன்னார் என்று அவர்களும் எண்ணி வைத்திருந்தார்கள். தம்மவர் சாவுக்குப் பாய் விரித்திருப்பார்கள், கஞ்சியும் கொடுத்திருப்பார்கள். பிணைப்புக்குக் குறைவில்லை. குறைந்தது விசுவாசம். எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதை வாயால் சொல்லிவிட்டு, அதற்குக் குறுக்கே சுண்ணாம்பும் கல்லும் வைத்தார்கள். பின்னால் அச்சுவரை இடித்ததும் விசுவாசமே. கூட்டத்தின் விருப்பம் சுவரின் பக்கம் இருந்தது. நற்செய்தி எதிர்ப்பக்கம் இருந்தது.

கழகங்களில் நம்மைப் போன்றவர்களோடு நாம் சேர்கிறோம். படிப்பகத்தில் படிப்பவர் சேர்கிறார். விளையாட்டுக் குழுவில் விளையாடுபவர் சேர்கிறார். அவை நல்லவை, வேண்டியவை. சபையிலோ எனக்குப் பிடித்தவரை நான் பொறுக்கி எடுப்பதில்லை. எண்பது வயது மூதாட்டி, அழுகின்ற குழந்தை, எனக்குப் பிடிக்காத கட்சிக்காரர், நேற்று என்னோடு வாய்க்கால் தகராறு செய்தவர் ஆகிய எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம். பங்கு பெறுமுன் எங்கள் குற்றங்களை வாய்விட்டு அறிக்கையிடுகிறோம். இத்தகைய பந்தி நட்பினால் மட்டும் கூடாது. அழைத்தவர் ஒருவர் உண்டு என்று நம்பினால்தான் கூடும்.

விசுவாசம் இல்லாத சபை நாளடைவில் சாதிச் சங்கமாகும். சபை இல்லாத விசுவாசம் நாளடைவில் ஒருவருடைய மனநிலையாகச் சுருங்கும். நல்ல நாளில் இருக்கும், கெட்ட நாளில் இராது. ஆகவே இரண்டும் வேண்டும் என்பதே நான் கண்ட முடிவு.

கறைகளை மறைக்கலாகாது

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் சபைகள் தேறுமா? உண்மையைச் சொல்ல வேண்டும். 1833-லேயே கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தார். அதற்குப்பின் இரு நூற்றாண்டு நெருங்குகிறது. ஆனாலும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம், சாதி பார்த்து மணமகன் தேடல் ஆகியவை ஒழிந்துவிடவில்லை. சபைத் தேர்தல்கள் பல இடங்களில் ஊராட்சித் தேர்தலையும் விஞ்சுகின்றன. சொத்து வழக்குகள் நீதிமன்றங்களில் குவிகின்றன. பெண்களுக்குக் குருத்துவம் தரத் தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் முன்வந்தது. ஆயினும் ஒரு பெண் பேராயரைக் காண, நந்தியால் திருமண்டலத்தில் 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பார்த்தவுடன் வெறுத்து விலகும் இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆயினும் திருத்தியவர்களும் உள்ளிருந்தே வந்தார்கள். தேரிக்காட்டு வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளையர் முகத்தெதிரே பேசினார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உழைப்பைக் கொடுத்தீர்கள், நாங்கள் கேட்பது நட்பு என்னும் கருத்தை அவர் துணிந்து சொன்னார். 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1919-இல் தரங்கம்பாடியில் அவரும் மற்றவர்களும் தொடங்கிய ஐக்கியப் பேச்சு 28 ஆண்டுகள் நடந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அசரியா இல்லை, 1945-இல் மறைந்துவிட்டார். வெளியே நின்று சபையைக் கண்டிப்பது எளிது. உள்ளே இருந்து 28 ஆண்டு பேசுவது அரிது.

கோயில் பூட்டப்பட்ட காலம்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. நான் அப்போது பள்ளி மாணவன். ஏப்ரல் 12 அன்று ஈஸ்டர். எங்கள் ஊர்க் கோயிலில் அதிகாலை மணி மட்டும் அடித்தது, உள்ளே ஆளில்லை. எங்கள் பக்கம் போதகரை 'ஐயர்' என்பது வழக்கம். ஐயர் வெறுங்கோயிலில் நின்று ஆராதனை நடத்த, அதைக் கைப்பேசியில் எல்லாரும் பார்த்தோம். ஆச்சிக்காகக் கைப்பேசியைச் செம்பின்மேல் சாய்த்து வைத்தேன். வெள்ளைச் சேலை உடுத்தித்தான் அதன்முன் அமர்ந்தாள். முடிந்ததும் சொன்னாள்: "பாட்டும் கேக்குது, ஐயரு முகமும் தெரியுது. ஆனா யாரு வந்திருக்கா, யாரு வரலைன்னு தெரியலியே."

கடவுள் எங்கும் இருக்கிறார் என்பதில் ஆச்சிக்கு ஐயமே இல்லை. கைப்பேசி வழியாக அவர் வரமாட்டார் என்றும் அவள் சொல்லவில்லை. அவள் தேடியது காலியாக இருக்கும் இடத்தை. அன்று எல்லா இடமும் காலி. ஆகவே எவருடைய குறையும் தெரியவில்லை. நோயாளிகளுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் ஒளிபரப்பு ஆராதனை பெரிய நன்மை. ஆனால் நான் வராததை அந்தக் கண்ணாடித் திரை கண்டுபிடிக்காது.

முடிவுரை

இனி என் கதைக்கு வருகிறேன். இந்த நகரத்துக் கோயிலின் கடைசி வரிசையில் பல வாரம் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன். யாரும் பெயர் கேட்டதில்லை. 'இதுதானா சபை?' என்று கசந்து, இரண்டு வாரம் போகாமலும் இருந்தேன். மூன்றாம் வாரம் வாசலில், மணி அடிக்கும் பெரியவர் என்னை நிறுத்தி, "தம்பி, ரெண்டு வாரமா ஆளைக் காணோமே, ஊருக்குப் போயிருந்தீகளோ?" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் நான் உட்காரும் இடம் தெரிந்திருந்தது.

அன்று பேருந்தில் வரும்போது என் தவறும் எனக்குப் புலப்பட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை என்று வருந்தினேனே, நான் யாரைக் கேட்டேன்? எனக்கு முன்வரிசையில் தனியாக வந்து அமரும் முதியவர் ஒருவர் உண்டு. அவர் எந்தத் தெரு, எந்த வீடு என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. எண்ணப்படுவதற்கு ஆசைப்பட்டேன், எண்ணுவதற்கு முன்வரவில்லை. ஆச்சி இரண்டையும் ஒன்றாகவே செய்தாள்.

ஆகவே தோழனுக்கு நான் தரும் விடை இதுதான். கடவுளை எங்கும் காணலாம் என்பது சரி. அவர் எண்ணிக்கையில் வைத்திருக்கும் மனிதர்களை எங்கும் காண முடியாது. அவர்கள் இருக்கும் இடத்திற்குத்தான் போக வேண்டும். அதற்குத்தான் இரண்டு பேருந்து. இந்த விடை அவனுக்கு நிறைவு தருமோ தராதோ அறியேன். கடவுள் இல்லை என்பதில் அவன் உறுதியாகவே இருக்கிறான். ஆனால் சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, விடுதிச் சமையற்கட்டில் சொல்லிக் கஞ்சி வாங்கி வந்தவன் அவன்தான் என்பதையும் எழுதாவிட்டால் நன்றி மறந்தவன் ஆவேன். சபைக்கு வெளியிலும் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். சபைக்குள் இருப்பவன் அதைக் கண்டு பெருமை பேசுவதை விட்டுவிட வேண்டும்.

மாறுதல் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுவேன். அதற்குமுன் முன்வரிசை முதியவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.